மானிட்டர் இருண்டால் முதலில் எதைப் பார்ப்பது?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பேரேட்டோடு காலம் தள்ளிய நம்மில் பலர் கல்லாப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் அதன் காலடியில் யு.பி.எஸ்.ஸும் வைத்துக்கொண்டோம். வைத்ததோடு சரி.

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள். காந்தி மார்க்கெட்டில் நமது மொத்தக் கடையில் ஸ்ரீரங்கத்துச் சில்லறை வியாபாரிகள் ரவைக்கும் சர்க்கரைக்கும் நிற்கிறார்கள். மானிட்டர் இருண்டுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் "மானிட்டர் போச்சு, புதுசு வாங்குங்க" என்றார். வாங்கினோம். மாட்டியபோது பழைய வயரையே செருகினார். மறுநாள் புதிய மானிட்டரும் இருண்டது! மிளகாய் மூட்டைக்குப் பின்னால் எலி கடித்த வயர், தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. வயருக்காக மானிட்டர் விலை கொடுத்தோம்.

ஆகவே முதலில் மானிட்டரின் சிறு விளக்கைப் பாருங்கள். விளக்கு எரிந்தோ மினுக்கியோ படம் இல்லையென்றால் கரண்ட் வருகிறது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளை அழுத்திப் பாருங்கள். விளக்கே இல்லையென்றால் சுவிட்சை அணைத்து, யு.பி.எஸ்.ஸிலிருந்து வயரைக் கழற்றி நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள். எரிந்தால் மானிட்டர் நல்லது, குறை யு.பி.எஸ்.ஸில். எரியாவிட்டால் வேறு வயர் போட்டுப் பாருங்கள். அதற்கும் எரியாவிட்டால்தான் மானிட்டரைச் சந்தேகிக்கலாம்.

கரண்ட் போன கணமே எல்லாம் அணைந்தால் பெரும்பாலும் பேட்டரிதான். சிறிய யு.பி.எஸ்.களில் இருப்பது வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டு மூன்று வருடம் உழைக்கும். நம் திருச்சி வெயிலில் அதுவும் குறையும். காற்றுத் துளைகளை அரிசி மூட்டை மறைத்தாலும், மல்லித்தூள் அடைத்தாலும் சூடு ஏறும். மாதம் ஒருமுறை, கணக்கைச் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் போய்விடும்.

600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல, பல யு.பி.எஸ்.கள் 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டரையும் ஃபிரிட்ஜையும் அதில் மாட்டாதீர்கள். மூடியை நாமே திறப்பதும் கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கும்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள்; உள்ளே ஈயமும் அமிலமும். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து, விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.