‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’: எங்கே சொல்லலாம், எங்கே வேண்டாம்?

தங்கச்சி, ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்கன்னு நீயும் ‘ஒன்ஸ் இன் ப்ளூ மூன்’னு சொல்றியே, நடுவுல இருந்த ‘எ’ எங்கடி போச்சு? முதல்ல அதைச் சேர்த்துக்கோ. அதுக்குப் பதிலா ‘த’ போடாதே.

நாம ‘அத்தி பூத்தாப்ல’ன்னு சொல்ற இடத்துல எல்லாம் இதைச் சொல்லலாம். சித்தப்பா எப்பவாவதுதான் வீட்டுக்கு வர்றாரா? ‘ஹி விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்.’ வாக்கியத்தோட கடைசியில வெச்சாதான் இயல்பா இருக்கும். முன்னாடி ‘ஒன்லி’ சேர்க்கலாம், ‘வெரி’ ஒட்டாது. ‘ஹி இஸ் விசிட்டிங்’னு ‘இங்’ போடுறது நம்ம ஊர்ப் பழக்கம், அதை விட்டுடு.

நிலா நீலமா மாறும்னு நினைச்சுக்காதே. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.5 நாள். மாசம் பிறந்ததுமே ஒரு பௌர்ணமி வந்துட்டா, மாசக் கடைசியில இன்னொண்ணும் வந்துடும். அந்த ரெண்டாவதைத்தான் இப்போ ப்ளூ மூன்னு சொல்றாங்க. 1946-ல ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ பத்திரிகையில ஒருத்தர் பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தப்பாப் புரிஞ்சு எழுதப்போய், இந்த அர்த்தம் பரவிடுச்சு. சொலவடை அதுக்கும் ரொம்ப முந்தினது. இந்த ப்ளூ மூன் சராசரியா ரெண்டரை, மூணு வருஷத்துக்கு ஒருதரம் வரும். ஆனா 2018-ல ஜனவரியிலயும் மார்ச்லயும் வந்துச்சு, இடையில பிப்ரவரிக்குப் பௌர்ணமியே இல்லை! 1883-ல கிரகடோவா எரிமலை வெடிச்சப்போ, வானத்துல பரவின தூசியால நிலா நிஜமாவே நீலமாத் தெரிஞ்சதும் உண்டு.

ஆக, அபூர்வம்தான், ஆனா திரும்பத் திரும்ப வரும். வாழ்க்கையில ஒரே ஒரு தரம் கிடைக்கிற வாய்ப்புக்கு இது பொருந்தாது. அதுக்கு ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’னு சொல்லணும்.

இன்னொண்ணு, இதுல லேசா ஒரு குத்தல் இருக்கு. ‘யூ கால் மீ ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’னு என்கிட்ட சண்டை போடு, பரவாயில்லை. மேலதிகாரிகிட்ட சொன்னா குறை சொல்ற மாதிரி ஆயிடும். இன்டர்வியூல ‘லேட்டா வருவீங்களா?’ன்னு கேட்டாலும் இதைச் சொல்லாதே, விளையாட்டா எடுத்துக்கிறேன்னு நினைப்பாங்க. அங்கேயும் ஆபீஸ் மெயில்லயும் ‘ரேர்லி’ன்னு ஒரு வார்த்தை போதும்.