பத்திரிகையில் ‘லேட்’ எதற்கு?

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகையில் என் கணவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’ போட்டே ஆகவேண்டும் என்கிறார்கள் விழுப்புரம் அச்சகத்தில். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டிவனம்

பதில்: கட்டாயம் ஒன்றும் இல்லை, அம்மா. ஆங்கிலத்தில் ‘லேட்’ என்பது பெரும்பாலும் அண்மையில் மறைந்தவருக்குத்தான். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தவர், 1970-இல் காலமானார். அவரை யாரும் ‘லேட் ஓமந்தூரார்’ என்பதில்லை. நம் பத்திரிகைகளிலோ, முப்பது வருஷத்துக்கு முன் போய்ச்சேர்ந்த தாத்தா பெயரோடும் அடைப்புக்குறிக்குள் ஒரு ‘லேட்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது!

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? அமரர், தெய்வத்திரு, காலஞ்சென்ற என்று எத்தனையோ உண்டு. இஸ்லாமியக் குடும்பங்களில் ‘மர்ஹூம்’ என்று போடுவார்கள். ‘தெய்வத்திரு’ என்று போட்டால் சேதியும் தெரியும், மரியாதையும் குறையாது. அதுவும் உறுத்தினால், ‘திருமதி’ என்று உங்கள் பெயரை முதலில் போட்டு நீங்களே அழையுங்கள். ப்ரூஃப் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள்; அச்சான பிறகு திருத்த முடியாது.