அப்பாவோட முதல் வெளிநாட்டுப் பயணம்: 2 லட்சத்தை 18 மாசத்துல சேர்த்து, 8 நாள்ல செலவு பண்ண கணக்கு



வெளிநாட்டுப் பயணத்துக்கு எப்படிப் பணம் சேர்க்கிறதுன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. நான் சரியா பண்ண பயணத்தைச் சொல்றதுக்கு முன்னாடி, தப்பா பண்ண பயணத்தைச் சொல்லிடறேன். ஏன்னா பாடம் முழுக்க அதுலதான் இருக்கு.

கல்யாணமான புதுசுல நானும் மனைவியும் ஒரு பேக்கேஜ்ல போனோம். 6 நாள், 2 நாடு. கையில காசு இல்ல. 1,20,000 ரூபாய் பர்சனல் லோன், 16 சதவீத வட்டி, 24 மாசம். EMI 5,876 ரூபாய். மொத்தமா கட்டினது 1,41,000 சொச்சம். அதாவது வட்டி மட்டும் 21,000 ரூபாய், பிராசஸிங் ஃபீஸ் தனி. அது கூடப் பரவாயில்லன்னு விட்டுடலாம். ஆனா அந்த 6 நாள்ல என்ன பார்த்தோம்னு இப்ப கேட்டா, ரெண்டு பேருக்கும் சரியா சொல்லத் தெரியல. காலைல 6 மணிக்கு பஸ், ஒரு இடத்துல 40 நிமிஷம், போட்டோ, மறுபடி பஸ். ஒரு கோயில் வாசல்ல எடுத்த போட்டோ இருக்கு, அது எந்த ஊர்னு தெரியல. ஆனா மாசா மாசம் 5-ம் தேதி EMI போனது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!

ஊரைத் தேடாதீங்க, ஆளைப் பாருங்க

எங்க அப்பா 40 வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். விமானத்துல ஏறினதே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி முழங்கால் வலின்னு டாக்டர்கிட்ட போனப்போ, "இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்"னு சொன்னார். அன்னைக்கு ராத்திரிதான் முடிவு பண்ணேன், அவர் நல்லா நடக்கும்போதே எங்கயாவது கூட்டிட்டுப் போயிடணும்னு.

எங்க போறது? சிங்கப்பூர், துபாய்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் யோசிச்சது வேற. வாழ்நாள் முழுக்க செங்கல் அடுக்கினவருக்கு எதைப் பார்த்தா கண்ணு நிக்கும்?

அப்படித் தேடினப்போ கிடைச்சதுதான் மத்திய வியட்நாம்ல இருக்கிற மீ சன். சம்பா அரசர்கள் 4-ம் நூற்றாண்டுல ஆரம்பிச்சு பல நூறு வருஷமா கட்டின சிவன் கோயில்கள், பெரும்பாலும் செங்கல்லாலேயே கட்டினது. 1969-ல அமெரிக்க குண்டுவீச்சுல அங்க இருந்த பெரிய கோபுரம் இடிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறதை 1999-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. செங்கலுக்கு நடுவுல சாந்து இருக்கிற தடமே தெரியாது. எப்படி ஒட்டினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஆராய்ச்சியாளர்கள் விவாதம் பண்றாங்க, மரப்பிசின்னு ஒரு கருத்து இருக்கு.

ஒரு இடம் முடிவாயிட்டா மத்ததெல்லாம் அதைச் சுத்தி தானா அமையும். மீ சன்ல இருந்து ஹோய் ஆன் சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து டா நாங் 30 கிலோமீட்டர். ஹனோய், ஹா லாங் விரிகுடா ரெண்டையும் மனசைக் கல்லாக்கிட்டு வெட்டிட்டேன். "வியட்நாம் போயிட்டு ஹா லாங் போகலையா?"ன்னு இன்னமும் கேக்கறாங்க. கேக்கட்டும்.

தேதி: இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க

"வியட்நாமுக்கு எந்த மாசம் போகலாம்?"ங்கிற கேள்வியே தப்பு. நாடு நீளவாக்குல கிடக்கு. தெற்குல மே முதல் அக்டோபர் வரைக்கும் மழை. மத்தியில அக்டோபர், நவம்பர்ல மழை, ஹோய் ஆன் தெருவுக்குள்ளயே வெள்ளம் வரும். நம்ம ஊர்ல பூஜா லீவு, தீபாவளி லீவுன்னு டிக்கெட் போடறவங்க கரெக்டா அதுல போய் மாட்டுவாங்க. ஜூன், ஜூலைல வெயில் கொளுத்தும். ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்குல டெட்னு அவங்க புத்தாண்டு வரும், அப்ப கடைங்க பாதி மூடியிருக்கும், கட்டணமும் ஏறியிருக்கும். இதெல்லாம் கழிச்சா அப்பாவுக்கு ஒத்து வர்றது டெட் முடிஞ்சதுக்கு அப்புறம் மார்ச் மாசம்.

தேதி கிடைச்சதும் பின்னாடி எண்ணினேன். 18 மாசம் இருந்தது.

பணம்

மூணு பேருக்கு (நான், அப்பா, அம்மா) நான் போட்ட மதிப்பீடு இது. மனைவிக்கு அந்த நேரத்துல லீவு கிடைக்கல.

விமான டிக்கெட் 81,000. இ-விசா 6,500. ஹோட்டல் 7 ராத்திரி, 2 ரூம், ரூமுக்கு 2,300 வீதம் 32,200. சாப்பாடு 24,000. உள்ளூர் கார், ரயில் 22,000. நுழைவுக் கட்டணங்கள் 9,000. இன்சூரன்ஸ் 3,000. சிம் கார்டு, டிப்ஸ் 2,500. கூட்டினா 1,80,200. அதுக்கு மேல எதுக்குன்னே சொல்லாம 20,000 ரூபாய் தனியா. மொத்தம் 2,00,200.

மாசம் 11,000 ரூபாய் RD போட்டேன். 18 மாசத்துல கட்டினது 1,98,000. ஆறரை சதவீதம் வட்டியோட 2,08,000 பக்கம் வந்தது. SIP போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. 18 மாசத்துல தேவைப்படற பணத்தை ஷேர் மார்க்கெட்ல வைக்காதீங்க. நீங்க டிக்கெட் போட வேண்டிய வாரத்துல மார்க்கெட் 12 சதவீதம் விழுந்திருந்தா அப்பா முழங்கால் காத்திருக்காது.

ஒரு சின்ன விஷயம். RD கட்ட ஆரம்பிச்ச முதல் மாசமே வீட்ல சொல்லிட்டேன். "எதுக்குடா தண்டச் செலவு"ன்னு அப்பா மூணு மாசம் பேசினார். நாலாவது மாசம் வாக்கிங் போக ஆரம்பிச்சுட்டார், காலைப் பழக்கணுமாம்.

டூர் ஏஜென்ட்கிட்ட பேக்கேஜ் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. பில்லுல TCS-னு ஒரு தொகை சேர்ப்பாங்க. அது ஏஜென்ட் கமிஷன் இல்ல, உங்க பேர்ல அரசுக்குக் கட்டற வரி. வருமான வரி தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், இல்லன்னா ரீஃபண்டா திரும்ப வாங்கலாம். சதவீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, அதனால வாங்கற அன்னைக்குப் பாருங்க. வீட்ல யாருக்கு வருமான வரிக் கணக்கு இருக்கோ அவங்க பான் நம்பர்ல புக் பண்றது நல்லது. தாக்கலே பண்ணாத அப்பா பேர்ல போட்டா அந்தப் பணம் தூங்கிட்டு கிடக்கும்.

இனிஷியல் பிரச்சினை

இது நம்ம தமிழ்நாட்டுக்காரங்களுக்கே உள்ள தலைவலி, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். அப்பா பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, பேர் மட்டும் இருக்கு. டிக்கெட் புக் பண்ற தளம் கடைசிப் பேர் இல்லாம உள்ளயே விடாது. சில நிறுவனங்கள் அதே பேரை ரெண்டு தடவை போடச் சொல்லும், சில நிறுவனங்கள் வேற குறியீடு போடச் சொல்லும். யூகிச்சுப் போடாதீங்க. அந்த நிறுவனத்தோட உதவி எண்ணுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு, பதிலை மெயில்லயும் வாங்கி வெச்சுக்கோங்க. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா டூரிஸ்ட் விசாவுல அனுமதி இல்லன்னு அறிவிச்சப்போ நம்ம ஆட்கள் பல பேர் தவிச்சாங்க. உங்க வீட்ல யாருக்காவது பாஸ்போர்ட் புதுப்பிக்கிற நேரம் வந்திருந்தா, அப்பவே சர்நேம் கட்டத்தை நிரப்பிடுங்க. சாதாரண விண்ணப்பத்துக்கு 36 பக்க புக்குக்கு 1,500 ரூபாய்தான். தத்கல்னா அதுக்கு மேல இன்னொரு 2,000, ஆக 3,500.

வியட்நாம் இ-விசா ஒரு முறை நுழைய 25 டாலர். போலித் தளங்கள் ஏகப்பட்டது, பார்க்க அசல் மாதிரியே இருக்கும், மூணு மடங்கு வாங்குவாங்க. முகவரி கடைசில gov.vn-க்குப் பதிலா வேற ஏதாவது இருந்தா வெளிய வந்துடுங்க. பேர்ல ஒரு எழுத்து, தேதியில ஒரு எண் தப்பாப் போட்டாலும் கட்டின காசு திரும்ப வராது. நான் அம்மாவோட பிறந்த தேதியில மாசத்தையும் நாளையும் மாத்திப் போட்டு 25 டாலர் விட்டேன். ராத்திரி 11 மணிக்கு உக்காந்து அப்ளை பண்ணா அப்படித்தான்.

டிக்கெட்

சென்னைல இருந்து கோலாலம்பூர் வழியா டா நாங். ரெண்டு தனித்தனி டிக்கெட்டா போட்டா ஆளுக்கு 4,000 குறையுது. போடல. தனி டிக்கெட்னா முதல் விமானம் லேட்டாகி ரெண்டாவதைத் தவற விட்டா, அது உங்க பாடு. ஒரே டிக்கெட்னா அடுத்த விமானத்துல ஏத்தி விட வேண்டியது அவங்க பொறுப்பு. நான் தனியா போனா அந்த 4,000-ஐ மிச்சம் பிடிச்சிருப்பேன். வயசானவங்களோட போகும்போது வேண்டாம். வீல்சேர் உதவியையும் புக் பண்ணும்போதே கேட்டுட்டேன். "நான் என்ன நோயாளியா?"ன்னு அப்பா முறைச்சார், கோலாலம்பூர்ல நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்ததும் பேசாம உக்காந்துட்டார்.

இன்சூரன்ஸ்ல குறைஞ்ச விலை பாலிசியை எடுக்காதீங்க. சுகர், பிரஷர் இருக்கிறதை மறைக்காம எழுதுங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கு எவ்வளவு தருவாங்கங்கிற பத்தியை மட்டுமாவது படிங்க.

அங்க போய் காசு

பெரும்பாலான ஃபாரெக்ஸ் கார்டுல டாங் கிடையாது. டாலர்ல ஏத்தினா டாங்கா மாறும்போது இன்னொரு கட்டணம் வெட்டுவாங்க. சாதாரண கிரெடிட் கார்டுல மூணரை சதவீதம் மார்க்கப், அது மேல 18 சதவீதம் GST, ஆக 4.13 சதவீதம். 80,000 ரூபாய் தேய்ச்சா 3,304 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு முன்னாடியே வாங்கி, ஆப்ல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணிட்டுப் போங்க. மெஷின்ல "இந்திய ரூபாயா, டாங்கா"ன்னு கேட்டா டாங்கையே அழுத்துங்க. ரூபாய் தெரிஞ்ச நோட்டுதான், ஆனா ரேட்டு அவங்க வெச்சது.

கொஞ்சம் டாலர் நோட்டும் எடுத்துட்டுப் போனேன். கிறுக்கல், கிழிசல் இருந்தா வாங்க மாட்டாங்க.

கணக்குக்கு ஒரு குறுக்கு வழி. மூணு சைபரை வெட்டிட்டு மூணரையால பெருக்குங்க. 1 லட்சம் டாங்னா 350 ரூபாய். உண்மைல கொஞ்சம் கம்மியாதான் இருக்கும், அது நல்லதுதான்.

20,000 டாங் நோட்டும் நீலம், 5 லட்சம் டாங் நோட்டும் நீலம். முன்னது 70 ரூபாய், பின்னது 1,700 ரூபாய். ரெண்டாவது நாள் சாயங்காலம் ஹோய் ஆன்ல லாந்தர் வெளிச்சத்துல இளநிக்குக் காசு கொடுத்தேன். ராத்திரி கணக்கு எழுதும்போது 4,80,000 டாங் இடிக்குது! மறுநாள்ல இருந்து பெரிய நோட்டெல்லாம் அம்மாவோட சுருக்குப் பையில, சின்ன நோட்டு மட்டும் என் பாக்கெட்ல.

அம்மா சைவம். அங்க "சாய்"னு எழுதியிருக்கிற கடை சைவக் கடை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அவங்கள்லயும் நிறைய பேர் சைவம் சாப்பிடுவாங்க. மத்த கடைல காய்கறி மட்டும்னு சொன்னாலும் மீன் சாஸ் ஊத்தியிருப்பாங்க, கேட்டுக்கோங்க.

அந்த நாள்

ஒரு நாளைக்கு ஒரு இடம்தான்னு வெச்சிருந்தேன். முதல் நாள் ஒண்ணுமே இல்ல, தூக்கம். மூணாவது நாள் மீ சன். காலைல 6 மணிக்குக் கிளம்பினோம், வெயிலுக்கு முன்னாடி. டிக்கெட் வாங்கற இடத்துல இருந்து பேட்டரி கார் கொஞ்ச தூரம் கொண்டு போய் விடும், அதுக்கப்புறம் நடை.

அப்பா முதல் கோபுரத்துக்கிட்ட நின்னவர் நகரவே இல்ல. மூஞ்சியைச் செங்கலுக்கு அரை அடி தூரத்துல வெச்சுக்கிட்டுப் பார்த்தார். கைடு கூட்டத்தைக் கூட்டிட்டு அடுத்த இடத்துக்குப் போயிட்டார்.

"தம்பி, சாந்து எங்கடா?"

"தெரியலப்பா. பிசின்னு சொல்றாங்க."

"பிசின் இருக்கட்டும். ஒவ்வொரு கல்லையும் தேய்ச்சு உக்கார வெச்சிருக்கான் பாரு. ஒரு நாளைக்கு எத்தனை கல்லு வெச்சிருப்பான்? மேஸ்திரி எப்படி விட்டான்?"

அங்கயே ஒரு மணி நேரம். பேக்கேஜ்ல போயிருந்தா 40 நிமிஷத்துல பஸ் ஹாரன் அடிச்சிருக்கும்.

ஆறாவது நாள் ஹுவேல அவர் முழங்கால் வீங்கிடுச்சு. அரண்மனைக் கோட்டை பெரிசு, நடக்க முடியாது. டிக்கெட்டே வாங்கல. டா நாங் திரும்பறதுக்கு ரயில் டிக்கெட் போட்டிருந்தேன், அதை விட்டுட்டு வீட்டு வாசல்ல ஏத்தி வாசல்ல இறக்குற மாதிரி ஒரு கார் எடுத்தேன். மருந்து, ஐஸ் பை, கார் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் ஆச்சு. அந்த எதுக்குன்னு எழுதாத 20,000-ல இருந்து எடுத்தேன். யார்கிட்டயும் கேக்கல, யார் மேலயும் கோபப்படல. கடன்ல வந்திருந்தா அந்த ரயில் டிக்கெட் காசுக்காகவே அவரை நடக்க வெச்சிருப்பேன்னு நினைக்கிறேன்.

ஊருக்கு வந்து கணக்கு முடிச்சப்போ மொத்தச் செலவு 1,91,000. சாப்பாட்டுல குறைஞ்சது, கார்ல கூடினது. மிச்சப் பணம் அதே அக்கவுண்ட்ல இருக்கு.

அம்மா இப்ப டிவில பார்த்துட்டு அங்கோர் வாட் போகணும்ங்கறாங்க. மாசம் 9,000 RD ஆரம்பிச்சாச்சு. அப்பாவுக்கு பிப்ரவரில ஆபரேஷன். அங்க படிக்கட்டெல்லாம் ரொம்பச் செங்குத்து. எப்ப இருந்து ஏறலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் தேதி போடணும்.