மழைக் கட்டுரை

இரத்தினபுரி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை 'நான்' என்ற தலைப்பில் எழுதச் சொன்னாயாம். எல்லாக் கொப்பியிலும் ஒரே கட்டுரை, ஒரே டாக்டர் கனவு என்று நொந்துபோயிருக்கிறாய். பிள்ளைகளைக் குறை சொல்லாதே. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு மனப்பாடம் செய்தே பழகிய கை அது.

நீ ஹட்டனில் வளர்ந்தவள். அங்கே கடைத்தெருவில் சத்தமாகத் தமிழ் பேசலாம். நீ இப்போது படிப்பிக்கிற தெஹியோவிற்றைப் பக்கம் அப்படியில்லை. சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகக் கிடக்கின்றன. 1977, 1981, 1983 என்று கலவரங்களில் தமிழருக்கு அடிமேல் அடி விழுந்த மாகாணம் இது. சின்ன வயதில் பஸ்ஸில் உன் அம்மா வாயைத் திறந்தால் அம்மாயி தொடையில் கிள்ளுவார். எந்த ஊர் என்று யாரும் கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு டவுன் பெயரைச் சொல்வோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒளித்துக்கொள்ளப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று 'நான்' என்று தலைப்புக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம்?

'மழை' என்று கொடுத்துப் பார். மயில் ஆடும், உழவர் மகிழ்வார் என்றுதான் முதலில் வரும். நான் என் வகுப்பில் கொடுத்தபோதும் அப்படித்தான் வந்தது, ஒரு கொப்பியைத் தவிர. விடிய மழை பெய்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்து பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்துவிடும், அன்றைக்குப் பால்வெட்டு இல்லை என்று எழுதியிருந்தான் அந்தப் பையன். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பாராம், அம்மா காம்பராவுக்குள் பேசாமல் இருப்பாராம். கடைசி வரி: "ஆனாலும் அப்பா வீட்டில் இருப்பதால் எனக்கு மழை பிடிக்கும்."

அந்தக் கொப்பியில் நான் இரண்டு பிழை செய்தேன், மகள். 'காம்பரா'வைச் சிவப்பு மையால் வெட்டி 'அறை' என்று எழுதினேன். அதைவிடப் பெரிது, பெற்றோர் கூட்டத்தில் அதைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அதற்குப் பிறகு அவன் எழுதிய ஒவ்வொரு மழையிலும் மயில்தான் ஆடியது.

அதனால், யாருக்கும் காட்ட விருப்பமில்லாத பக்கத்தை மடித்து வைக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. மடித்ததை நீயும் திறக்காதே. கஷ்டத்தை எழுதினால்தான் உண்மை என்ற எண்ணத்தையும் உண்டாக்கிவிடாதே. கிரிக்கெட்டைப் பற்றி மட்டுமே எழுதுகிறவன் பொய் சொல்லவில்லை. எழுத்துப்பிழையை இன்னொரு நாள் பார்க்கலாம். சிங்களச் சொல் கலந்து வந்தால் அது அந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சு, விடு.

தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை வகுப்புக்குக் கொண்டுபோ. 1979இல் வந்த 'நாமிருக்கும் நாடே' கிடைத்தால் நல்லது. பதுளைப் பக்கம் தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர் அவர் என்பதைக் கதைக்கு முன்பே சொல். நாங்கள் பஸ்ஸில் விழுங்கிய பெயரை அவர் அட்டையிலேயே அச்சடித்தார்.

இன்னொன்று. முதல் கட்டுரையை நீயே எழுதி வாசித்துக் காட்டு. அம்மாயி கிள்ளிய கதையை எழுதலாம். ஆனால் அதற்கு முன் உன் அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து, எழுதட்டுமா என்று கேட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா