சுரைக்குடுக்கை

கறிக்கு ஆகும் சுரையைப் பிஞ்சிற் பறிப்பர்; கலத்துக்கு ஆகும் சுரையைக் கொடியிலேயே முற்றவிடுவர். அச்சங்குளம் முதலிய கரிசற் சிற்றூர்களுக்கு ஏற்ற ஆடிப்பட்டத்தில் ஊன்றிய சுரை, தை மாத அளவில் ஓடு இறுகும்.

பந்தலில் தொங்கும் காய் நேராக நீளும். தரையிற் கிடப்பது அடி தட்டையாகும். பிஞ்சின் நடுவே துணிநாடா கட்டினால், இடை சிறுத்து இருகுடம்போற் பருக்கும். ஓடு இறுகியபின் வடிவம் மாறாது.

காம்பு காய்ந்ததும் அறுத்து, நிழலில் உலர்த்துதல் வேண்டும். குலுக்கினால் விதை ஒலிப்பதே பக்குவம். விதைக்கலத்துக்கு வாய் திறந்து, நீர் நிரப்பி, உள்ளிருக்கும் சோற்றை ஊறவைத்துச் சுரண்டி எடுப்பர்.

பாம்பாட்டியின் மகுடிக்கு வயிறு சுரையே. மராட்டிய நாட்டு மிரஜ் நகரத்துச் சித்தாருக்கும் தம்புராவுக்கும் குடம் சுரையே. அவை 2024-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன.

கிணற்றில் நீந்தப் பழகும் சிறுவர் முதுகிற் கட்டிய மிதவையும் சுரையே. அதற்கு வாய் திறவார். உள்ளிருக்கும் காற்றே உடலைத் தாங்கும். மயிரிழைப் பிளவு இருப்பினும் நீர் புகும். உயிருக்கு இடர் நேரும். ஆதலின், குடுக்கையை நீரில் அமிழ்த்திக் குமிழி எழாமை கண்ட பின்னரே கட்டுதல் வேண்டும். நீந்த வல்ல பெரியோர் ஒருவர் உடனிருத்தலும் வேண்டும்.