திருமுக்கூடல்

ஒரகடத்தினின்று வாலாசாபாத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. அவற்றைக் கடந்து பாலாற்றங்கரையை அடைவோர், பழையசீவரத்துக் குன்றின் எதிர்க்கரையில் அமைதி தவழும் கற்கோயில் ஒன்றைக் காண்பர். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடமாதலின், அவ்வூர் திருமுக்கூடல் எனப் பெயர்பெற்றது.

அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழக் கி.பி. 1068-இல் பொறிக்கப்பட்ட அதனைப் படிப்போர் வியப்படைவர். சனநாத மண்டபத்தில் மாணவர்க்குக் கல்விச்சாலையும் விடுதியும் இருந்தன. அவற்றோடு, 'வீரசோழன்' என்னும் பெயருடைய மருத்துவமனையும் 15 படுக்கைகளுடன் விளங்கிற்று. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் ஆகியோர்க்கு நெல்லும் காசும் வகுக்கப்பட்டன. படுக்கை ஒன்றுக்கு நாள்தோறும் நாழி அரிசி அளக்கப்பட்டது. நோயாளர் இருளில் வருந்தாவண்ணம், இரவு முழுதும் எரியும் விளக்கிற்கும் பொருள் ஒதுக்கப்பட்டது!

ஐரோப்பாவில் துறவியர் மடங்கள் நோயாளரைப் பேணிய அதே காலத்தில், பாலாற்றங்கரையிலும் அவ்வறம் தழைத்திருந்தது.

இன்று அம்மருத்துவமனை இல்லை, படுக்கைகளும் இல்லை, விளக்கும் அவிந்தது. அவ்வறத்திற்குச் சான்றாக எஞ்சியிருப்பவை சுவரிலுள்ள எழுத்துகளே. அச்சுவரில் தம் பெயரைக் கீறுவார் ஒருவர் ஒரு வரியைச் சிதைப்பின், அதனை மீண்டும் எழுதவல்லார் எவருமிலர். ஆதலின், பழஞ்சின்னங்களைக் காணச் செல்வோர், கண்ணாற் கண்டு, கருத்திற் கொண்டு, கை படாது மீள்வதே கடமையாகும்.