சேற்றுப் பாதையில் வளையாத தண்டு எது?

செந்தூல் என்றதும் பெரியவர்களுக்கு ரயில்வே பணிமனை நினைவுக்கு வரும். தமிழர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தார்கள். அங்கு பழுது பார்க்கப்பட்ட ரயில்களுக்கு ஸ்டியரிங் கிடையாது. திருப்பும் வேலையைத் தண்டவாளமே பார்த்துக்கொள்ளும். காட்டுப் பாதையில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிக்கோ தண்டவாளம் இல்லை. அந்த வேலையைச் சில இரும்புத் தண்டுகள் செய்கின்றன.

மாணவர்களே, 1997இல் மலேசியாவில் தொடங்கிய ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய சேற்றுப் பாதையில், மறைந்திருக்கும் பாறையில் இடித்து ஒரு தண்டு வளைந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும். சரிவான இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பலர் தண்டுகளை மாற்றுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் அமைப்பைப் பார்ப்போம். சுசுகி ஜிம்னி போன்ற, முன்பக்கம் ஒரே அச்சுள்ள வண்டியில், ஸ்டியரிங் பெட்டியின் அசைவை ‘டிராக் லிங்க்’ என்ற தண்டு அச்சுக்குக் கொண்டுசெல்கிறது. இரு சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்புவது ‘டை ராட்’.

பருமனா, எடையா?

24 மில்லிமீட்டர் விட்டமுள்ள திடத் தண்டு ஒன்றையும், வெளிவிட்டம் 30, உள்விட்டம் 18 மில்லிமீட்டர் உள்ள குழாய் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே எஃகு, ஒரே நீளம். 30² − 18² = 576; 24² = 576. ஆகவே எடையும் ஒன்றே.

ஆனால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 30⁴ − 18⁴ = 7,05,024; 24⁴ = 3,31,776. அதாவது, எடை கூடாமலேயே குழாய் 2.1 மடங்கு விறைப்பாகிறது! மையத்தில் இருக்கும் இரும்பு வளைவை அதிகம் எதிர்ப்பதில்லை. விளிம்பில் இருப்பதே எதிர்க்கிறது.

உயர்த்திய வண்டியின் சிக்கல்

பெரிய டயர் போட வண்டியை உயர்த்தினால் டிராக் லிங்க் சாய்ந்துவிடும். அதன் நீளம் 1,000 மில்லிமீட்டர் என்க. அது கிடைமட்டமாக இருக்கும்போது ஒரு முனை 100 மில்லிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ, பைதகரஸ் தேற்றப்படி பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர்தான் நகரும். ஏற்கெனவே முனைகளுக்கிடையே 200 மில்லிமீட்டர் உயர வேறுபாடு இருந்து, அது 300 ஆனால், நகர்வு ஏறக்குறைய 26 மில்லிமீட்டர்! நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே, பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும்.

இதற்குத் தடித்த தண்டு மருந்தாகாது. அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ‘பான்ஹார்ட்’ தண்டும் டிராக் லிங்க்கும் இணையாகவும், கூடியவரை சம நீளமாகவும் இருக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே மாதிரி வில்லில் நகரும், சக்கரம் திரும்பாது.

அடுத்து உடைவது எது?

டை ராட் வளையாவிட்டால் மோதலின் விசை மறைந்துவிடாது. அது அடுத்த உறுப்புக்குப் போகும்: பந்து மூட்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஸ்டியரிங் பெட்டி. வளைந்த தண்டைக் காட்டிலேயே மாற்றிவிடலாம். உடைந்த பெட்டியை மாற்றுவது எளிதல்ல. ஆகவே தண்டோடு மூட்டுகளையும் பெட்டியின் பிடிமானத்தையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். டை ராட்டை மாற்றியபின் சக்கரங்களின் நேர்வரிசையையும் சரிபார்க்க வேண்டும். பொதுச்சாலையில் ஓடும் வண்டி என்றால், மாற்றும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்: ஒரு தாளின் இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து, நடுவில் ஒரு நாணயம் வையுங்கள். தாள் தொய்ந்துவிடும். அதே தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி, நாணயத்தை நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். எத்தனை நாணயங்களைத் தாங்குகிறது? குழாயின் விட்டத்தை மாற்றி, விடைகளை அட்டவணையிடுங்கள்.